வழியின் உரிமை

மத்திகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் காலைப் பேருந்தில் அமர இடம் கிடைப்பது அரிது. நாம் சுபுஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளிவரும் வேளையிலேயே, நிறுத்தத்தில் ஆண்களும் பெண்களும் சோற்றுப் பைகளுடன் காத்து நிற்பர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்னும் நான்கு மொழிகளும் அங்கே ஒரே நேரத்தில் ஒலிக்கும். 1824ஆம் ஆண்டில் குதிரைகளுக்காகத் தொடங்கப் பெற்றுப் பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறிய பெருநிலமே ஒருகாலத்தில் நம் ஊரின் அடையாளம். இன்றோ ஆலைச் சங்குதான் ஊரை எழுப்புகிறது. கனரக வண்டிகள் செய்யும் அசோக் லேலண்டு ஆலையும், இருசக்கர வண்டிகள் செய்யும் டி.வி.எஸ். ஆலையும் ஓசூரில்தான் இருக்கின்றன. உலகுக்கு வண்டி செய்து அனுப்பும் ஊரில், உழைப்பாளி வேலைக்குப் போய்ச் சேர்வது மட்டும் இன்னும் பெரும்பாடாகவே உள்ளது.

இந்தப் பாட்டை நாம் பல்லாண்டுகளாகக் கண்டும் அதைப் பற்றிச் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது ஒரு திருமண அழைப்பு. நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் பிழைப்பின் பொருட்டுத் தார்வாடு சென்று குடியேறியவர். தம் மகளின் நிகாஹுக்கு நாம் அவசியம் வரவேண்டுமெனக் கடிதமும் எழுதித் தொலைபேசியிலும் வேண்டிக்கொண்டார். மாணவரின் அழைப்பைத் தட்டும் துணிவு எந்த ஆசிரியருக்கு உண்டு? புறப்பட்டோம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சந்தாபுரம் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் சாலையை அறியாதவர் நம் வட்டாரத்தில் இல்லை. மின்னணு நகரிலிருந்து பட்டு வாரியச் சந்திப்புப் பக்கம் செல்லும் மேம்பாலச் சாலை 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆயினும் ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் இடைப்பட்ட தொலைவை, லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே ஊர்ந்துதான் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த மெட்ரோவை ஓசூர் வரை, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீட்டும் திட்டம் ஆராயப்பட்டது. இரு மாநிலங்களும் எண்ணிய மின்முறைகள் வெவ்வேறானவை என்பது அதற்குத் தடையாகக் கூறப்பட்டது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, நம்மைச் சுற்றி நின்ற கார்களை எண்ணினோம். பெரும்பாலானவற்றில் ஒருவரே இருந்தார். நம் பேருந்திலோ நிற்பவரையும் சேர்த்து அறுபது பேருக்குக் குறையவில்லை. மூன்று கார்கள் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அறுபது பேரைச் சுமக்கும் வண்டியும், ஒருவரைச் சுமக்கும் வண்டியும் ஒரே வரிசையில் காத்திருந்தன.

மறுநாள் காலை ஹுப்பள்ளி ரயில் நிலையத்தில் இறங்கினோம். 1,507 மீட்டர் நீளமுள்ள அதன் நடைமேடை உலகிலேயே மிக நீண்டது என்று போற்றப்படுவது. மாணவர் நம் பையை வாங்கிக்கொண்டு, "ஹஜ்ரத், வாடகை வண்டி வேண்டாம். சிகரியில் போவோம்" என்றார். சிகரி என்றால் கன்னடத்தில் மான். ஹுப்பள்ளி, தார்வாடு ஆகிய இரட்டை நகரங்களை இணைக்கும் விரைவுப் பேருந்துக்கு அவ்வூரார் இட்ட பெயர் அது.

வாசக அன்பர்களில் பலர் இத்தகைய தடத்தைக் கண்டிருக்கமாட்டீர்கள். ஆகவே அதன் அமைப்பைச் சற்று விளக்குவோம். ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அகன்ற சாலை. அதன் நடுப்பகுதி பேருந்துக்கென்றே ஒதுக்கித் தடுப்பிடப்பட்டிருக்கிறது. மற்ற வண்டிகள் இருபுறமும் செல்கின்றன. நிறுத்தங்களும் நடுவிலேயே உள்ளன. சீட்டை நிறுத்தத்திலேயே வாங்கிவிடுவதால், வண்டிக்குள் நடத்துநருக்காகக் காத்திருக்கும் வேலையில்லை. நிறுத்தத்தின் தரையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டத்தில் அமைந்திருக்கின்றன. ஒரு பேருந்து நிற்கும்போது மற்றொன்று அதைக் கடந்து செல்லவும் இடம் விட்டிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் சோதனை ஓட்டமாகத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

முழங்கால் வலியுள்ள நமக்கு அந்தச் சமதரையே பெரும் அருளாகத் தோன்றியது. ஊரில் பேருந்தின் முதற்படியில் கால் வைக்கும்போதெல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கம்பியைப் பற்றித் தொங்கி ஏறும் நாம், அங்கே வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் செல்வதுபோல் நடந்து ஏறினோம். நமக்கு முன்னே ஒரு மூதாட்டி ஊன்றுகோலுடன் ஏறி அமர்ந்தார். வண்டி புறப்பட்டது. இருபுறமும் தேங்கி நின்ற வண்டிகளை விட்டு முன்னேறியது. பெரிய மனிதரின் கார் நிற்க, ஏழையின் பேருந்து முந்திச் செல்லும் காட்சியை வாழ்வில் அன்றுதான் கண்டோம்.

இந்த எண்ணம் முதலில் பெரிதாக உருப்பெற்றது பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில். 1974இல், கட்டடக் கலைஞராகவும் நகரத் தலைவராகவும் இருந்த ஹைமே லெர்னர் என்பவர் அங்கே பேருந்துக்குத் தனித்தடம் அமைத்தார். சுரங்க ரயிலுக்குச் செலவிடப் பொருளில்லாத நகரம், ரயிலின் ஒழுங்கைப் பேருந்துக்குக் கொடுத்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவும், 2004இல் ஜகார்த்தாவும் அவ்வழி சென்றன. ஜகார்த்தாவின் தடங்கள் இன்று 200 கிலோமீட்டரைக் கடந்து நிற்கின்றன. இஸ்தான்புல் நகரில் 2007இல் தொடங்கிய தடம், பாஸ்பரஸ் பாலத்தின் வழியே இரு கண்டங்களை இணைக்கிறது. செனகல் நாட்டின் டாக்கர் நகரில் 2024 முதல் மின்பேருந்துகளே தனித்தடத்தில் ஓடுகின்றன. நம் நாட்டில், 1411இல் சுல்தான் அஹ்மது ஷா நிறுவிய அகமதாபாத், 2009 அக்டோபரில் இதைத் தொடங்கிப் பெயர் பெற்றது.

எல்லா இடத்திலும் இது வென்றுவிடவில்லை. தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தடம் திறந்தார்கள். கார்க்காரர்கள் தம் சாலை பறிபோனதாகக் குமுறினார்கள். சந்திப்புகளில் நெரிசல் மிகுந்தது. தடமும் மேலே நீளவில்லை. 2016இல் அதைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் 2019இல் தூண்கள் நட்டுப் பேருந்துக்கு வழி ஒதுக்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. ஹுப்பள்ளியிலும் குறைகள் உண்டு. வண்டிகள் பழசாகிவிட்டன, பராமரிப்புப் போதவில்லை என்று உடன் வந்த பயணிகளே சலித்துக்கொண்டார்கள். தடத்தை மற்ற வண்டிகளுக்கும் திறந்துவிடவேண்டும் என்பாரும் அங்குள்ளனர்.

பாதி வழியில் பைரிதேவரகொப்பா என்னும் இடம் வந்தது. மாணவர் பேச்சை நிறுத்தினார். சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "ஹஜ்ரத், இங்கேதான் தர்கா இருந்தது" என்றார்.

ஹளரத் சையது மஹ்மூது ஷா காதிரி அவர்களின் அடக்கவிடம் அது. இத்தடத்துக்காகச் சாலையை அகலப்படுத்தும் பொருட்டு, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று முடிந்தபின், 2022 டிசம்பரில் காவல் சூழ அது அகற்றப்பட்டது. இதே சாலைக்காகக் கோயில்களும் அகற்றப்பட்டன என்று அரசு கூறியது. நாம் ஃபாத்திஹா ஓதினோம். சற்று முன்பு நம் முழங்காலுக்குச் சுகமாயிருந்த அதே வண்டி அந்த இடத்தைக் கடந்தபோது நெஞ்சுக்குச் சுமையாயிற்று. "வழி வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை ஹஜ்ரத். எங்களை உட்கார வைத்துப் பேசி, எங்கள் கையால் கொடுக்க வைத்திருக்கலாம்" என்றார் மாணவர். அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

அன்றிரவு தார்வாட்டில் உறக்கம் வராமல் கிடந்தபோது, ஹளரத் உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு நினைவுக்கு வந்தன. மதீனாவின் பள்ளிவாசலை விரிவாக்க எண்ணிய கலீஃபா, அருகிலிருந்த ஹளரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. உடையவரின் இசைவின்றி எடுக்கலாகாது என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. தீர்ப்பு தமக்குச் சாதகமான பின்னர், அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டை விலையின்றியே மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மாணவரின் ஏக்கத்துக்கு விடை இதில் இருந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரி 17இல் மக்காவின் ஹரமை விரிவாக்கியபோது, சுற்றியிருந்த வீட்டாரில் சிலர் விற்க மறுத்தார்கள். அவ்வீடுகளை இடிக்கச் செய்து, விலையைக் கஅபாவின் கருவூலத்தில் வைத்துப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள் அதே கலீஃபா. அது கஅபாவின் முற்றம்; நீங்கள்தாம் அதில் வந்து குடியேறினீர்களே தவிர, கஅபா உங்களிடத்தில் வந்து குடியேறவில்லை என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். ஆக, ஒருவன் தனக்குரிய நிலத்தில் இருக்கிறானா, பொதுவுக்குரிய நிலத்தில் வந்து அமர்ந்திருக்கிறானா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது என்பதை அன்றிரவு நாம் அறியவில்லை.

ஊர் திரும்பிய சில வாரங்களில், எங்கள் தெருவையும் அகலப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அளப்பவர்கள் வந்து சிவப்பு மையால் கோடிட்டுச் சென்றார்கள். அக்கோடு எங்கள் மக்தபின் முன்திண்ணையின் மேல் விழுந்தது. ஜமாஅத்தில் கொந்தளிப்பு உண்டாயிற்று. பைரிதேவரகொப்பாவின் நினைவு நம்மை விட்டு அகலாதிருந்ததால், அக்கொந்தளிப்பில் நமக்கும் பங்கிருந்தது. முத்தவல்லி பழைய பத்திரத்தை எடுத்து வந்தார். இஷாவுக்குப்பின் அதை விரித்து, கயிறு பிடித்து நாமே அளந்தோம்.

திண்ணை நம் நிலத்தில் இல்லை. கோடு சரியாகவே விழுந்திருந்தது. ஏறத்தாழ மூன்று முழம் நாம்தான் தெருவுக்குள் இறங்கியிருந்தோம்.

அத்திண்ணையைக் கட்டச் செய்தவர் வேறெவருமல்லர், நாமேதாம். இருபது ஆண்டுகளுக்கு முன், மழையில் பிள்ளைகள் செருப்பு விடவும் பெற்றோர் காத்திருக்கவும் இடம் வேண்டுமென்று வீடுவீடாகச் சென்று பணம் திரட்டினோம். எல்லையை அளக்க வேண்டுமென்ற எண்ணமே அன்று எழவில்லை. நற்பணிதானே என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

ஹிதாயாவில் வழியைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பொதுவழியில் ஒருவன் தூம்போ திண்ணையோ எழுப்பினால், அதை அகற்றச் சொல்லும் உரிமை பாமரர் எவருக்கும் உண்டு என்பது அதன் கருத்து. திண்ணைக்கு அங்கே ஆளப்படும் சொல் துக்கான். நம் ஊரில் கடையைத் துகான் என்பார்களே, அதுவேதான். அறபியில் அதற்கு மேடை என்ற பொருளும் உண்டென்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். வழியின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடவேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த ஹதீஸையும், சுமையேற்றிய ஒட்டகங்கள் ஒன்றையொன்று கடக்க அது போதும் என்று விரிவுரையாளர்கள் கூறிய விளக்கத்தையும் பாடமாகச் சொல்லியிருக்கிறோம். இவ்வளவையும், தெருவில் மூன்று முழத்தைப் பிடித்துக்கொண்ட கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்லி வந்திருக்கிறோம்!

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் ஜமாஅத்தாரிடம் உண்மையைச் சொன்னோம். எல்லாரும் அதை விரும்பவில்லை. பெரியவர் ஒருவர், "தெருவில் எத்தனை பேர் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்! நாம் மட்டும் ஏன் முதலில் இடிக்க வேண்டும் ஹஜ்ரத்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. "முதலில் கட்டியவர்களில் நாமும் ஒருவர் அல்லவா அத்தா?" என்பதைத் தவிர வேறு விடை நம்மிடம் இல்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் தம் பேரனைக் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். எந்த அறிவிப்பும் வருவதற்கு முன்பே, எங்கள் கையாலேயே அதை அகற்றினோம். இன்று பிள்ளைகள் உள்ளறையின் ஓரத்தில் செருப்பை விடுகிறார்கள். மழை நாளில் இடம் நெருக்கடிதான்.

ஓசூருக்கு மெட்ரோ வருமோ, பேருந்துத் தனித்தடம் வருமோ, எதுவும் வராதோ, அல்லாஹ்வே அறிவான். ஒன்று மட்டும் நமக்குத் தெளிவாயிற்று. தனித்தடம் என்பது வண்டிகளை எண்ணாமல் மனிதர்களை எண்ணி வழியைப் பங்கிடும் முறை. அது நீதி. அந்த நீதி நிலைக்க வேண்டுமானால், வழிக்காக இடம் கொடுப்பவனிடமும் நீதியோடு நடக்கவேண்டும். அவனை அழைத்துப் பேசவேண்டும். உரிய விலை தரவேண்டும். அவன் முன்னோரின் அடக்கத்தலத்தைக் கண்ணியத்தோடு கையாளவேண்டும். ஆள்வோரிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைக் கேட்கப் போகுமுன், அன்பர்களே, நம் வாசற்படி எங்கே முடிகிறது என்று கயிறு பிடித்து அளந்து பார்த்துவிட்டுப் போவோம்.

காலைப் பேருந்துக்காகப் பையுடன் நிற்கும் அந்த மக்கள் உரிய நேரத்தில் தம் வேலைக்கும், உரிய நேரத்தில் தம் பிள்ளைகளிடத்தும் சென்றுசேர வல்ல நாயன் வழியை விசாலமாக்குவானாக! ஆமீன்.