பதத்தை எழுதுங்கள்

நம்மூர் டிபன் கடை லண்டனில் கிளை திறக்கிறது என்றால், முதலாளிகள் முதலில் கேட்பது, "காரத்தைக் குறைக்கணுமா?" என்பதுதான். கிளைகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கும் நான் முதலில் திறந்து பார்ப்பது அஞ்சறைப் பெட்டியை.

ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது உணவில் இருந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது பிரிட்டனில் 2014 டிசம்பர் முதல் சட்டம். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது நம் தாளிப்பு, நல்லெண்ணெய், இட்லிப்பொடி எல்லாமே அதற்குள் வந்துவிடும். பெருங்காயம்தான் ஆளை ஏமாற்றும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர், அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பித் தோசை கேட்பார். தோசை ஒன்றும் செய்யாது. கிண்ணத்துச் சாம்பார் அவரைப் படுக்க வைத்துவிடும். எனவே அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகத் தேடி வாங்க வேண்டும். ரவையும் கோதுமைதான் என்பதால், ரவா தோசைக்குக் கல்லும் கரண்டியும் தனி.

அடுத்தது மாவு. சென்னையில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடிவதற்குள் பொங்கி நிற்கும். லண்டன் ஜனவரியில் அதே மாவு அசையாமல் கிடக்கும். சோடா மாவைப் போட்டால் பொங்கும், புளிக்காது. சுமார் 30 டிகிரி சூடு நிற்கும் அலமாரி ஒன்று இருந்தால் போதும். கையேட்டில் 'எட்டு மணி நேரம்' என்று எழுதினால், ஊர் மாறும்போது அது பொய்யாகிவிடும். 'இரண்டு மடங்காக உயர்ந்து, கரண்டியால் கிளறும்போது நுரை தெரியும்வரை' என்று எழுதினால் எந்த ஊர்ச் சமையல்காரருக்கும் புரியும்.

எதிர்த்திசையில் பாருங்கள்: 1996இல் டெல்லிக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் விட்டுவிட்டது. வேலை முறையை விடவில்லை. சரக்கு ஊருக்கு ஏற்ப மாறலாம், முறை மாறக்கூடாது. எது சரக்கு, எது முறை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி வேலை.

வெளிநாட்டில் கிளை கொடுக்க நினைப்பவர்களே, அலங்காரத்துக்கு ஆள் தேடும் முன், உங்கள் ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேருகிறது, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். அதை எழுத முடியாத கடை, பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கிளை கொடுக்கக் கூடாது.