எங்கள் வீட்டு ராக்கெட்டும் அடுப்பு மேடையும்



"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் வீட்டில் இதைச் சொல்லாத நாளே கிடையாது. காலையில் ஆச்சி சொல்லும், மத்தியானம் தம்பி சொல்வான், ராத்திரி அப்பா சொல்வார். காரணம் எங்கள் நாய் ராக்கெட். அது செய்த சேட்டையையும், அதனால் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

ராக்கெட் போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஓடைப் பாலத்துக்குக் கீழே கிடந்த குட்டி. நான்தான் பாவாடையில் சுருட்டித் தூக்கி வந்தேன். நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்மூக்கு. விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது அல்லவா, அந்த ஊர்ப் பேர் கொண்ட வேட்டை நாய் ஜாதி இதில் கலந்திருக்கும் என்று அப்பா சொன்னார். அந்த ஜாதி முயலையே ஓடிப் பிடிக்குமாம். நம் ராக்கெட் பிடித்ததெல்லாம் கருவாடும் முட்டையும்தான். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்களாம். ராக்கெட்டுக்கு வெளியிட்டால் வாயில் கருவாட்டோடுதான் படம் போட வேண்டும்!

வேகமாக ஓடுவதால் ராக்கெட் என்று தம்பி பேர் வைத்தான். ஆனால் தீபாவளிக்கு நிஜ ராக்கெட் விட்டதும் கட்டிலுக்கு அடியில் போனது, மறுநாள்தான் வெளியே வந்தது. அது வேறு கதை.

இப்போது அடுப்பு மேடைக்கு வருகிறேன். முன்பு எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சமையல். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். பகல் பூராவும் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வந்து, மறுபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும். என் அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் மேடை கட்டுகிறவர், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை லீவில் கடப்பாக் கல் வாங்கி வந்து எங்கள் வீட்டுக்கும் கட்டினார். இரண்டரை அடி உயரம். அம்மா அதை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைப்பார்கள்.

ராக்கெட் வளர்ந்த பிறகு இரண்டரை அடியெல்லாம் அதற்கு ஓர் உயரமா? பின்னங்காலில் நின்றால் முன்னங்கால் மேடை மேல். அவ்வளவுதான், இருப்பது எல்லாம் அதன் சொத்து. ஒரு நாள் நாலு முட்டை. ஒரு நாள் தம்பிக்கு ஆற்றி வைத்த பால். ஒரு நாள் தோசை மாவுச் சட்டியில் மூக்கை விட்டு, மூஞ்சியெல்லாம் வெள்ளையாக வந்து நின்று, "நான் இல்லை" என்பது மாதிரி பார்த்தது. அது திருடும் முறையே தனி. நிலைப்படியில் கண்ணை மூடிப் படுத்திருக்கும், குறட்டை கூட விடும். நாம் கிணற்றடிக்குப் போய்ச் செம்பைக் கழுவி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. சட்டி மூடி மேல் அம்மிக் குழவியை வைத்தோம். அது தள்ளிவிட்டதில் மூடி உடைந்தது, தரையும் பெயர்ந்தது. மேடை ஓரத்தில் மிளகாய்ப் பொடி தூவினேன். நாய் ஒரு தும்மல் போட்டது, அம்மா சமைக்க வந்து இருபது தும்மல் போட்டார்கள். அதோடு அது கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று பிறகுதான் தோன்றியது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கயிற்றில் கட்டினோம், ராத்திரி பூராவும் ஊளை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "ஏட்டி, யாருக்கு எழவு சொல்லுது உங்க நாயி?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்பா விளாறால் அடித்தார். அடி வாங்கியதில் அது ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டது: அப்பா இருக்கும்போது திருடக் கூடாது!

இதையெல்லாம் நான் ஸ்கூலில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். என் பெஞ்சுத் தோழிகளுக்குத் தெரியும். ஆனால் ஒரு ராத்திரிக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று வீட்டில் கோழிக் குழம்பு. தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றும் நாள் என்பதால் அம்மா வர நேரமாகிவிட்டது. நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டோம். அம்மாவுக்கு உள்ளதை மூடி வைத்துக் காவல் இருப்பது என் பொறுப்பு. நான் மேடையில் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சட்டி தரையில் கிடக்கிறது. கழுவி வைத்த மாதிரி சுத்தம். சோற்றுப் பானையும் காலி.

அம்மா ஒன்பது மணிக்கு வந்தார்கள். பார்த்தார்கள். என்னைத் திட்டவே இல்லை. "எனக்குப் பசிக்கல தாயி, ஆபீஸ்ல வடை தின்னேன்" என்று சொல்லிவிட்டு, காலையில் மீந்த நீத்தண்ணியில் உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் படுத்தார்கள். விளக்கை அணைத்த பிறகு எழுந்து போய் இன்னொரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள். அந்த மடக் மடக் சத்தம் எனக்குக் கேட்டது. வடை தின்றவர்கள் அப்படித் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

படுத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். அந்த முட்டை யாருக்கு வைத்தது? அம்மாவுக்கு மிஞ்சியது. மீன் குழம்பு தின்ற அன்று சாப்பிடாமல் இருந்தது யார்? அம்மா. எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அம்மாதான். அதனால் மேடையில் கடைசியாக இருப்பது எப்போதும் அம்மாவின் பங்குதான். ராக்கெட் இத்தனை நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னவில்லை, அம்மா சாப்பாட்டை மட்டுமே தின்றிருக்கிறது. நான் அதை வேடிக்கைக் கதையாக்கிச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அப்பா முடிவு சொல்லிவிட்டார். "நேத்துத்தான் அமாவாசை போச்சு. அடுத்த அமாவாசைக்குள்ள இது திருந்தலைன்னா கீதாரிகிட்ட ஒப்படைச்சிருவேன். ஆட்டுக்கிடையோட போகட்டும்." கிடை போட்டுப் போகிறவர்கள் எந்த ஊருக்குப் போவார்களோ! நான் அழுதேன். அப்பா மனம் மாறவில்லை. அப்பா சொன்னதிலும் தப்பில்லை.

நம் அறிவியல் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் சிரிக்காமல் கேட்டார்கள். பிறகு பாவ்லோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னார்கள். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்க்குச் சாப்பாடு கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் எழுப்புவாராம். சில நாள் கழித்துச் சாப்பாடே வராமல் அந்தச் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியதாம். "உங்க நாய்க்கு மேடைதான் அந்தச் சத்தம். மேடையைப் பார்த்தாலே அதுக்கு எச்சில் ஊறும். சரி, முதன்முதல்ல அதுக்கு மேடையில தீனி இருக்குன்னு காட்டினது யாரும்மா?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அது நான்தான்.

மழைக் காலத்தில் எங்கள் வீட்டுத் தரை ஊற்றெடுக்கும். குட்டி நனையக் கூடாது என்று அதை மேடை மூலையில் சாக்கு விரித்து உட்கார வைத்து, அங்கேயே பால் கொடுத்து வளர்த்தேன். பெரிதான பிறகும் காய் நறுக்கும்போது ஒரு கேரட் துண்டு, தோசை சுடும்போது ஒரு பிய்யல் என்று மேடையிலிருந்தே போட்டேன். அது திருடவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் எடுத்துத் தின்றது. அடி மட்டும் அதற்கு.

டீச்சர் சொன்னபடி அன்று சாயந்திரமே ஆரம்பித்தேன்.

முதலில், மேடையில் ஒரு பருக்கை கூட வைப்பதில்லை. அப்பா பழைய பலகையில் கதவு செய்து சுவர் அலமாரிக்கு மாட்டிக் கொண்டி வைத்தார். சமையல் முடிந்ததும் மேடையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுவேன். நமக்குத் தெரியாத வாசனை கூட நாய்க்குத் தெரியும்.

இரண்டாவது, நாங்கள் சாப்பிட்டு மிச்சம் போடுவதை நிறுத்தி, அம்மா சமைக்கத் தொடங்கும் முன்பே அதற்குச் சோறு வைத்தேன். பசித்த வயிற்றோடு வாசனை பிடித்துக்கொண்டு இரு என்றால் நம்மாலேயே முடியாது.

மூன்றாவது, அடுப்பாங்கரை வாசலில் அதன் பழைய சாக்கை விரித்தேன். சாக்கில் உட்கார்ந்தால் ஒரு விரல்நுனி அளவு இட்லி. முதலில் ஐந்து எண்ணும் வரை உட்கார வைத்தேன், பிறகு பத்து, பிறகு ஐம்பது. எழுந்து வந்தால் ஒன்றும் கிடையாது.

நாலாவது, அடிப்பதில்லை. தின்று கால் மணி நேரம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாதாம். மேடையில் காலை வைத்தால் பேசாமல் இறக்கிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன்.

மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் முன்பை விட மோசம்! குரைக்கிறது, குதிக்கிறது, அலமாரிக் கதவைப் பிறாண்டுகிறது. டீச்சரிடம் ஓடினேன். "எப்பவும் கிடைச்சது கிடைக்கலைன்னா முதல்ல அப்படித்தான் இன்னும் வேகமா முயற்சி பண்ணும். இப்ப நீ ஒரு துண்டு போட்டா, இவ்வளவு கத்தினா கிடைக்கும்னு கத்துக்கும். பொறுத்துக்கோ" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

பத்து நாள் ஆகியும் மேடைப் பக்கம் போவதை அது விடவில்லை. ஏன் என்று ஒரு மத்தியானம் ஒளிந்து நின்று பார்த்தேன். எங்கள் ஆச்சி மேடையில் கையை ஊன்றிக்கொண்டு ரகசியமாகக் கருவாட்டுத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது! "ஆச்சீ!" என்று கத்தினேன். "வாயில்லாச் சீவன் ஏட்டி, அது மூஞ்சியப் பாத்தா தின்னத் தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றது. "நீ கொடு ஆச்சி, வேண்டாங்கல. சாக்குல வச்சுக் கொடு" என்று கெஞ்சினேன். கீதாரி விஷயத்தையும் சொன்னேன். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கருவாட்டுத் தலை சாக்குக்கு இடம் மாறியது. அதற்குப் பிறகுதான் நிஜமான மாற்றம் தெரிந்தது. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அமாவாசைக்கு முந்தின நாள் அப்பா பரீட்சை வைத்தார். பொரித்த கருவாடு ஒரு தட்டில், மேடை நடுவில். நாங்கள் எல்லாரும் வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ராக்கெட் எழுந்தது. மேடைப் பக்கம் போனது. மூக்கை உயர்த்தியது. ஒரு காலை எடுத்து மேடை மேல் வைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அது அப்படியே நின்று சாக்கைத் திரும்பிப் பார்த்தது. பிறகு காலை இறக்கி, முனகிக்கொண்டே போய்ச் சாக்கில் படுத்தது.

"ஒரு காலு வச்சான்ல?" என்றார் அப்பா.

"வச்சான்பா. ஆனா எடுத்துட்டான்ல?" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே போய்க் கருவாட்டை எடுத்து, சாக்கில் வைத்து அதற்குக் கொடுத்தார். கீதாரி பேச்சு அதோடு முடிந்தது.

நாய் வளர்க்கும் தோழிகளுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. வெங்காயம், சாக்லெட், திராட்சை நாய்க்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும், போடாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டுவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும் பல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் சமையல் முடிந்ததும் முதல் வேலை, அம்மாவுக்குரியதைத் தனியாக எடுத்து அலமாரியில் வைத்துக் கொண்டி போடுவது. அதை நான்தான் செய்கிறேன். நாய் திருந்திவிட்டதே, இனி எதற்கு என்று தம்பி கேட்டான். நாய்க்காக இல்லை என்று சொன்னேன்.

ராக்கெட்டின் வால் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. அது வளைந்தே இருக்கட்டும். நிமிர்த்த வேண்டியிருந்தது எங்கள் பழக்கத்தைத்தான்.



— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி