நிலாவுக்கு லீவு கொடுக்காதவன்

மார்ச் 31 நெருங்கினாலே எனக்கு ஜுரம் வந்துவிடும். பி.காம். படித்தவனுக்கு அது சாபம். பத்திரிகைக்கு எழுதிக் கிடைக்கிற காசு பால்காரருக்கே பத்தாது என்பதால், மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளிக்குக் கணக்கும் எழுதுகிறேன். உப்பு வாரும் சீஸனும் வருஷக் கணக்கு முடிக்கும் சீஸனும் ஒன்றாக வந்து தொலைக்கும். வெளியே அம்பாரம் அம்பாரமாக உப்பு. உள்ளே அம்பாரமாக வவுச்சர்.

2024 மார்ச்சில் மேஸ்திரி அண்ணன் வந்து தலையைச் சொறிந்தார்.

"தம்பி, பெரிய வெள்ளியிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் மூணு நாள் லீவு வேணும்."

"ஈஸ்டர் என்னிக்குண்ணே?"

"முப்பத்தொண்ணு."

ஞாயிறுதான். ஆனால் அரசாங்கக் கணக்குக்காக பேங்க்கே திறந்து வைத்த ஞாயிறு அது. கூலிப் பட்டியலோ அண்ணன் கையில். எனக்குக் கடுப்பு.

"போன வருஷம் ஏப்ரல் ஒன்பதுன்னீங்க. நம்ம லீவுக்குத் தகுந்த மாதிரி தேதியை மாத்திக்கறீங்களா?"

ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் மாத்தலை தம்பி, நிலா மாத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லீவும் எடுக்கவில்லை. ஈஸ்டர் காலையில் பூசை முடிந்த கையோடு, புதுச் சட்டை கசங்காமல் வந்து உட்கார்ந்து கூலிப் பட்டியலை ஒப்பித்தார். என் கணக்கு டேலி ஆகிவிட்டது. ராத்திரி தூக்கம்தான் வரவில்லை.

அதென்ன நிலா மாற்றுவது? புத்தகங்களைப் புரட்டினேன். பார்த்தால், எல்லாம் நம்ம சப்ஜெக்ட்!

ஈஸ்டரின் வேர் யூதர்களின் பாஸ்காவில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் விடுதலையாகிப் புறப்பட்டதைக் கொண்டாடும் பண்டிகை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது அந்தச் சமயத்தில்தான். நிசான் மாதம் பதினாலாம் நாள் சாயங்காலம் பாஸ்கா தொடங்கும். பிறையோடு பிறக்கிற மாதம் என்பதால் அது பௌர்ணமியை ஒட்டி வரும்.

சிக்கல் எங்கே என்றால், பன்னிரண்டு சந்திர மாதத்துக்கு 354 நாள்தான். சூரிய வருஷத்துக்கு 365. வருஷா வருஷம் பதினோரு நாள் துண்டு விழுகிறது. ரம்ஜான் மாதிரி அது பாட்டுக்கு எல்லாப் பருவத்தையும் சுற்றி வரட்டும் என்று விட முடியாது. பாஸ்கா வசந்தத்தில்தான் வரவேண்டும் என்பது வேதக் கட்டளை. அதனால் அந்தக் காலத்தில் பெரியவர்கள் வயலைப் பார்த்தார்கள். பார்லிக் கதிர் முற்றவில்லையா, போடு இன்னொரு மாதம்! பிறையைப் பார்த்த சாட்சி வந்து சொன்னால்தான் மாதமே பிறக்கும். மலை உச்சிகளில் தீ மூட்டி ஊருக்கு ஊர் சேதி சொன்னார்களாம். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் நிலையான கணக்கு வகுத்தார் என்பது மரபு. 19 வருஷத்தில் ஏழு வருஷத்துக்குப் பதிமூன்று மாதம். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் போட்டுச் சரிக்கட்டுகிறார்களே, அதே வித்தைதான்.

இன்னொன்று கேளுங்கள். அவர்களுடைய பெரிய விரத நாள் வெள்ளியிலோ ஞாயிறிலோ விழுந்தால், சனிக்கிழமை ஓய்வு நாளோடு ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்க முடியாது. அதற்காக வருஷப் பிறப்பையே தள்ளிப் போட்டுவிடுவார்கள். அதனால் பாஸ்காவின் முதல் நாள் திங்கள், புதன், வெள்ளியில் வரவே வராது. அடுத்தடுத்து லீவு வரக்கூடாது என்று காலண்டர் போட்டவர்கள்! நம் ஆபீஸ் நண்பர்கள் மன்னிப்பார்களா?

2024 அவர்களுக்குப் பதிமூன்று மாத வருஷம். பாஸ்கா ஏப்ரல் 22 சாயங்காலத்துக்குப் போய்விட்டது. மறுநாள் நமக்குச் சித்ரா பௌர்ணமி. கிறிஸ்தவர்களோ 325-ல் கூடிய நைசியா மாநாட்டுக்குப் பிறகு தனிக் கணக்குக்குப் போய்விட்டவர்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு. அந்த வருஷம் பௌர்ணமி மார்ச் 25, பங்குனி உத்திரத்தன்று. அன்றைக்கு நானே சாமி கும்பிட அரை நாள் லீவு போட்டிருந்தேன் சார்! அதே நிலாவுக்குத்தான் அண்ணனும் லீவு கேட்டிருக்கிறார்.

மறுநாள் பாத்தி வரப்பில் நடந்து அவரிடம் போனேன். "அன்னிக்குச் சொன்னது தப்புண்ணே" என்றேன். அவர் பலகையால் உப்பை இழுத்தபடியே, "எப்ப?" என்றார். மறந்த மாதிரி நடித்தாரா, தெரியாது. எனக்கு வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், பாஸ்கா விருந்தில் கீரைத் தண்டை உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்களாம், அடிமையாக இருந்தபோது விட்ட கண்ணீரின் நினைவாக என்று சொன்னேன்.

பலகை நின்றது. வெடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "உப்புத் தண்ணியா... எங்களுக்கு வருஷம் பூரா பாஸ்காதான் போ" என்றார். இந்தத் தடவை அவர் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அந்த வருஷம் கூலிப் பட்டியலை நானே வரப்பில் நின்று எடுக்க வேண்டும். ஒரு தொப்பி வாங்கணும்.