காப்பும் காப்புறுதியும்

யாழ்ப்பாணத்து வழக்கிலே காப்பு என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. பெண்கள் கையில் அணியும் வளையலும் காப்பு; நூலின் தொடக்கத்திலே பாடப்படும் கடவுள் வணக்கமும் காப்பு; கேதாரகௌரி விரதத்தின் முடிவிலே கையிற் கட்டும் நூலும் காப்பு. இவை யாவற்றுக்கும் அடியாய் நிற்பது காத்தல் என்னும் ஒரே கருத்தாகும். இச்சொல்லோடு உறுதி என்பதையுஞ் சேர்த்துக் காப்புறுதி என்ற கலைச்சொல்லை ஆக்கியோர், காக்கப்படுவோம் என்ற நம்பிக்கையையும் அதனுள்ளே வைத்துத் தந்தனர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதை வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் 2023 ஆம் ஆண்டிலே அறிந்துகொண்டார்.

அவர் பிறந்தது 1951 இல். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலே நோயாளரிடம் கட்டணம் அறவிடும் முறை நீக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். இலவசக் கல்வி அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1945 இல், வந்துவிட்டது. ஆகவே எழுத்துக்கும் மருந்துக்கும் காசு கொடுத்தறியாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் ஏற்பாடு ஒன்று வந்தது. 25 சதம் அக்காலத்திலும் பெருந்தொகையன்று. ஆயினும் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. அக்கட்டணம் பின்னர் கைவிடப்பட்டது. வறியவனுக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்படும் மிகச் சிறிய தடையுந் தடையே என்பதற்கு அவர் வகுப்பிலே இதனை உதாரணங் காட்டுவதுண்டு.

அவருடைய மனைவிக்கு 2014 இலே சலரோகம் இருப்பது தெரியவந்தது. அன்று தொட்டு மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் சென்று வந்தார். விடியற்காலையிலே இலக்கம் எடுத்து, வாங்கிலே காத்திருந்து, இரத்தத்தைச் சோதித்து, மருந்தும் பெற்று மதியத்துக்குமுன் வீடு திரும்புவார். ஒவ்வொரு மாதத்தின் அளவுகளும் ஒரு கொப்பியிலே திகதியுடன் பதியப்பட்டன. மேலே செய்தித்தாள் உறையிட்ட அந்தக் கிளினிக் கொப்பி, சாமியறைப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலே பேணப்பட்டு வந்தது.

2019 இலே மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். தாய்க்கு அறுபது வயதாக இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. அறுபது கடந்தால் எவரும் சேர்க்கமாட்டார் என்று சொல்லி, மருத்துவக் காப்புறுதி ஒன்று எடுக்க வேண்டுமென வற்புறுத்தினான். காப்புறுதிக் கம்பனியின் முகவராக ஆசிரியரின் பழைய மாணவன் ஒருவனே வந்தான். நான்கு பக்கப் படிவம், முழுவதும் ஆங்கிலம். அவன் வினாக்களின் சாரத்தைத் தமிழிற் சொல்லிக்கொண்டே கட்டங்களில் அடையாளமிட்டான். சாரம் என்பது எப்போதும் சுருக்கமானது. தேநீர் ஆறுவதற்குள் படிவம் நிரம்பிவிட்டது. மனைவி ஓரிடத்திலே கையொப்பமிட்டார். சாட்சியாக ஆசிரியர் இன்னோரிடத்திலே கையொப்பமிட்டார். வினாவை இருமுறை வாசித்த பின்னரே விடையைத் தொடவேண்டும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொன்னவர், அன்று ஒருமுறையேனும் வாசித்தாரில்லை. எதிரே இருந்தவன் தாம் கற்பித்த பிள்ளை என்பதே அதற்குக் காரணம்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. கட்டுப்பணத்தை மகன் தவறாது அனுப்பினான். 2023 இன் தொடக்கத்திலே மனைவிக்கு வலப்பக்க வயிற்றிலே நோவு கண்டது. பித்தப்பையிற் கல் என்று ஸ்கேன் சொல்லிற்று. அரசாங்க வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தனர். ஆயின் அந்நாள் சில மாதங்களுக்கு அப்பால் இருந்தது. முந்திய ஆண்டின் பொருளாதார நெருக்கடியினால் மருந்துகள் தட்டுப்பட்டிருந்தன. வைத்தியர் பலர் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தனர். அங்கே பணியில் இருந்தோர் தம்மாலியன்றதைச் செய்தனர் என்பதை ஆசிரியர் எப்போதும் சொல்வார். ஆனால் நோவு நாளைப் பார்த்து வருவதன்று. ஓரிரவு அது பொறுக்கமுடியாததாயிற்று. காப்புறுதி இருக்கையில் ஏன் தாமதம் என்று மகன் தொலைபேசியிலே கேட்டான். தனியார் வைத்தியசாலை ஒன்றிலே சேர்த்தார்கள். சத்திரசிகிச்சையும் நன்றாகவே முடிந்தது.

வீட்டுக்குச் செல்லலாம் என்று வைத்தியர் கூறிய காலைப்பொழுதிலே கணக்குப் பிரிவினர் பட்டியலைக் கொடுத்தனர். மொத்தம் 412,600 ரூபா. காப்புறுதிக் கம்பனியின் சம்மதம் வரும்வரை பொறுக்குமாறு சொன்னார்கள். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஆசிரியர் கூட்டிப் பார்க்கத் தொடங்கினார். அறைக்கு, சத்திரகூடத்துக்கு, மயக்கமருந்து வைத்தியருக்கு, கையுறைக்கு, பஞ்சுக்கு, ஊசிக்கு, தாதியர் சேவைக்கு, இறுதியில் 'ஏனையவை' என்பதற்கு. இரண்டுமுறை கூட்டினார். கூட்டல் சரியாகவே இருந்தது. விடைத்தாளிலே பிழையைக் கண்டால் சிவப்பு மையினாற் சுழிக்கலாம். ஒவ்வோர் அடியுஞ் சரியாயிருந்து முடிவு மாத்திரம் தாங்கமுடியாததாக இருந்தால் எதனைச் சுழிப்பது? 'ஏனையவை' எவை என்று கேட்டார். கணினியில் அப்படித்தான் வரும் என்று விடை கிடைத்தது.

பிற்பகலிலே கம்பனியின் மறுமொழி வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. சலரோகம் உண்டா என்ற வினாவுக்குப் படிவத்தில் 'இல்லை' என அடையாளமிடப்பட்டிருப்பதாகவும், வைத்தியசாலைக் குறிப்போ ஒன்பது ஆண்டுகளாக அந்நோய் இருப்பதாகக் கூறுவதாகவும் அதிலே கண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததென்பதில் ஐயமில்லை. அனுமதிக்கும்போது மனைவி மிகுந்த பொறுப்போடு எடுத்துக் கொடுத்த கிளினிக் கொப்பியிலிருந்தே வந்தது. அவரை ஒன்பது ஆண்டுகள் காத்து வந்த கொப்பி அவருக்கெதிரான சாட்சியாயிற்று.

அன்று மாலை வங்கியின் அடகுப் பிரிவிலே நான்கு காப்புகளும் ஒரு சங்கிலியும் நிறுக்கப்பட்டன. எஞ்சியதை அயலவர் ஒருவர் கைமாற்றாகத் தந்தார். வீடு திரும்பும்போது ஓட்டோவிலே மனைவி தம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, காப்புறுதி எண்டு சொன்னாங்கள், என்ரை காப்பெல்லே போச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தையலிட்ட இடம் நொந்தமையால் சிரிப்பு இடையிலே நின்றது.

பித்தப்பைக் கல்லுக்கும் படிவத்திலே விடுபட்ட நோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆசிரியர் கம்பனிக்கு எழுதிக் கேட்டார். தொடர்பு வேண்டியதில்லை, மறைத்தமையே போதும் என்ற பொருள்பட விடை வந்தது. காப்புறுதி ஒப்பந்தம் உச்ச நம்பிக்கையின்மேல் நிற்பது. அறிந்ததைச் சொல்லாது விட்டால் ஒப்பந்தமே இல்லாதாகும் என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கைக்கு மூலம் 1766 இல் இங்கிலாந்திலே மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த காட்டர் எதிர் போம் வழக்கு என்று கொழும்பிலே சட்டத்தரணியாயுள்ள பழைய மாணவி ஒருவர் அவருக்கு எடுத்துச் சொன்னார். சுமாத்திராவிலிருந்த மார்ல்பரோ கோட்டை பகைவர் கைப்படாது எனக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் வலுவின்மையை ஆளுநர் மறைத்தார் என்று காப்புறுதி செய்தவர் வாதிட்டார். வியப்பு யாதெனில், அவ்வழக்கிலே தோற்றவர் காப்புறுதி செய்தவரே. கேட்டறியக் கூடியதைக் கேளாது பணத்தை வாங்கியவர், இழப்பு வந்தபின் அறியேன் என்றல் ஆகாது. நம்பிக்கைக் கடமை இருபாலாரையும் பிணிக்கும் என்பதே தீர்ப்பின் சாரம். பிற்காலத்தில் அக்கடமையின் ஒருபக்கமே கூர்மையாயிற்று.

பிற நாடுகளோ இக்கூர்மையை மழுக்கியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவிலே 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 தொடக்கம் முன்னிருந்த நோயைக் காட்டி மருத்துவக் காப்புறுதியை மறுக்க முடியாதாயிற்று. பிரித்தானியாவின் 2012 ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டம், வேண்டுமென்றே சொன்ன பொய்யையும் கவனக்குறைவால் நேர்ந்த பிழையையும் வேறுபடுத்திற்று. கவனக்குறைவெனின், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு கட்டுப்பணம் கேட்டிருப்பரோ அதற்கும் வாங்கிய பணத்துக்குமுள்ள விகிதப்படி இழப்பீடு கொடுத்தல் வேண்டும். இதனைக் கேட்டபோது ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விகிதசமன் எட்டாம் வகுப்புப் பாடம். நீதி என்பது இவ்வளவு எளிய கணக்காக இருத்தல் கூடும் என்று அவர் அதுவரை எண்ணியதில்லை.

ஆயினும் மேன்முறையீடு செய்வதற்கு வழி ஒன்றே இருந்தது. படிவத்தை நிரப்பியவர் முகவர், தாமல்லர் என்று எழுதவேண்டும். எழுதினால் அவ்விளைஞனின் தொழில் போகும். அவன் ஒருநாள் பின்னேரம் பிஸ்கட் பெட்டியோடு வந்து திண்ணையிலே நெடுநேரம் பேசாதிருந்தான். ஏன் 'இல்லை' என்று போட்டாய் என ஆசிரியர் கேட்டார்.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறனாங்கள், சேர். ஓம் எண்டு போட்டால் மேலை எடுக்கமாட்டினம். அம்மாவுக்கு ஒண்டும் வராது எண்டு நினைச்சன்."

மாதந்தோறும் இத்தனை பேரைச் சேர்க்கவேண்டும் என்ற எண் அவன் தலைமேல் இருந்தது. அவனுக்கும் இரண்டு சிறு பிள்ளைகள். ஆசிரியர் பல இரவுகள் இதனை எண்ணிப் பார்த்தார். 412,600 ரூபா ஒரு தட்டிலே. பிழைசெய்த மாணவனின் சோறு மறுதட்டிலே. உண்மையைச் சொல்லாமை ஒரு குற்றமென்று தண்டிக்கப்பட்டவர், உண்மையைச் சொன்னால் இன்னொருவர் தண்டிக்கப்படுவார் என்ற இடத்திலே நின்றார். மனைவியைக் கேட்டார். "பொடியனை விடுங்கோ. கையெழுத்து நாங்கள்தானே வைச்சது" என்றார் அவர்.

ஈற்றிலே எழுதிய கடிதத்தில் முகவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படிவம் விளங்காத மொழியில் இருந்ததென்றும், வாசியாது கையொப்பமிட்டது தமது பிழையென்றும், நான்கு ஆண்டுக் கட்டுப்பணத்தையாவது திருப்பித் தருதல் முறையென்றும், தமிழ் வாழும் ஊரில் தமிழிலே படிவந் தரல் வேண்டுமென்றும் எழுதினார். கடிதம் கிடைத்தது என்ற அறிவித்தல் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

படிவத்தின் மொழி பற்றிய அவரது மனக்குறை சிறியதன்று. அவர் ஊருக்கு அயலிலுள்ள மானிப்பாயிலே, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1872 இல் மனுஷ அங்காதிபாதம் தமிழ் நூலாக வெளிவந்தது. எலும்புக்கும் நரம்புக்கும் தமிழிலே பெயரிட முடிந்த மண்ணில், அவ்வுடலைக் காப்பதாகச் சொல்லும் ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்களைத் தமிழிலே தரமுடியாது என்பதற்குக் காரணம் மொழியின் வறுமையாக இருத்தல் இயலாது. கையொப்பமிடுவோன் விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தின் வறுமையே அது.

இவ்வூர்களிலே ஒருவரை ஒருவர் காப்பதற்கு வேறு வழிகளும் இருந்தன. வலிகாமம் மேற்கிலே மூளாயில் 1930களில் ஊரவர் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றை நிறுவினர். கூட்டுறவிலே பணந் தருபவனும் உரிமையாளனும் ஒருவனே. தன் நோயை அவன் மறைக்க வேண்டியதில்லை. மறைத்தான் என்று வெளியேற்றுவதால் இலாபம் அடைபவரும் அங்கே இல்லை. 1951 இன் கொள்கை இதனையே நாடளாவ விரித்தது: நாடு முழுவதும் ஒரு பெருங் காப்புறுதிச் சங்கம், வரியே கட்டுப்பணம், பிறந்தவர் எல்லாரும் அங்கத்தவர், படிவம் இல்லை. அதன் குறை நீண்ட வரிசை. அவ்வரிசையைக் குறுக்காது விட்டமையாலேயே படிவம் வீட்டுக்குள் நுழைந்தது.

இப்போது மனைவி முன்போலவே கிளினிக்குக்குச் செல்கிறார். பழைய கொப்பி நிறைந்துவிட்டது. புதியதற்கும் செய்தித்தாள் உறை இடப்பட்டுள்ளது. காப்புகளில் இரண்டு மீட்கப்பட்டன. இரண்டு இன்னும் வங்கியில் உள்ளன. சனிக்கிழமை மாலைகளிலே ஊர் வாசிகசாலையில் ஆசிரியர் அமர்ந்திருப்பார். காப்புறுதிப் படிவம், வங்கிப் படிவம் என எதையேனும் கொண்டு வருவோர்க்கு ஒவ்வொரு வினாவையும் முழுமையாகத் தமிழிலே சொல்லி, இருமுறை வாசித்த பின்னரே பேனாவைக் கொடுப்பார். அந்த முகவரும் சில வேளைகளில் தன் வாடிக்கையாளரை அங்கே அழைத்து வருகிறான். 'ஓம்' என்று அடையாளமிட்ட படிவங்களுட் சில திரும்பி வருகின்றன. அவ்வாறு திரும்பியவற்றை அவர் எறிவதில்லை. திகதியிட்டு ஒரு கோவையிலே சேர்த்து வைக்கிறார்.