பூமியின் அடிவேர்

மனிதன் சந்திரனில் கால் வைத்துவிட்டான். தன் காலடியில் மட்டும் அவன் அதிக தூரம் இறங்கியதாகத் தெரியவில்லை. ருஷ்யாவின் வடகோடியில், கோலா தீபகற்பத்தில், ஆண்டுக்கணக்காகத் துளையிட்டு 1989-ல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டினார்கள். பூமியின் மத்தியோ சுமார் 6,370 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. மாம்பழத்தின் தோலை எறும்பு சுரண்டிய கதைதான்!

இப்படியிருக்க, கண்டங்களின் மிகப் பழைய பகுதிகளுக்கு அடியில் 200 கிலோமீட்டர் வரை குளிர்ந்த கல்வேர் இறங்கியிருக்கிறதென்றும், 250 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அது கரையாமல் நிற்கிறதென்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகிறார்கள். வீட்டில் இதை உரக்க வாசித்தபோது நம் பேத்தி, "அதைப் பார்த்தது யார், தாத்தா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. காணாததை நம்பச் சொல்லும் எவரையும் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். "பெரியவர்கள் சொல்கிறார்கள்" என்று குழந்தையின் வாயை அடைப்பதில் நமக்குச் சம்மதமில்லை. ஆகவே விஷயத்தைத் தேடிப் படிக்கலானோம்.

பார்த்தவர் ஒருவருமில்லை, கேட்டவர்கள் உண்டு. சூரியனிலிருந்து வீசும் துகட்காற்று பூமியின் காந்த மண்டலத்தை ஓயாமல் அசைக்கிறது. உலகில் எங்கெங்கோ வெட்டும் மின்னல்களும் தம் பங்குக்கு அசைக்கின்றன. இந்த அசைவுகள் தரைக்குள்ளே மிக மெல்லிய மின்சார ஓட்டங்களை எழுப்புகின்றன. (இதற்குக் கம்பமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.) வேகமான அசைவுகள் மேற்பரப்போடு அடங்கிவிடும், மெதுவானவையே ஆழத்துக்குச் செல்லும். காந்தத்தின் ஆட்டத்தையும், அதனால் தரையில் எழும் மின் ஆட்டத்தையும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டால், எவ்வளவு ஆழத்திலுள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்த வழியை 1950-ல் ருஷ்ய நாட்டு டிகோனோவும், 1953-ல் பிரெஞ்சுக்காரரான கன்யாரும் வகுத்துக் கொடுத்தார்கள். குளிர்ந்து உலர்ந்த பாறை மின்சாரத்தைத் தடுக்கும். சூடேறினாலும், உருகினாலும், நீரின் அம்சம் சேர்ந்தாலும் அதற்கு வழிவிடும்.

கனடாவின் வடமேற்கில் ஸ்லேவ் என்ற தொல்பாறைப் பிரதேசம் இருக்கிறது. சுமார் 400 கோடி ஆண்டு வயதுள்ள பாறைகள் அங்கே உண்டு. 1991-ல் லாக் டி கிரா என்ற ஏரிப் பக்கத்தில் வைரம் தாங்கிய பாறை அகப்பட்டது. 1998-ல் ஏகாடிச் சுரங்கம் திறந்தது. அந்தப் பிரதேசத்தில் கோடையில் எங்கு நோக்கினும் ஏரிதான். வண்டி போகப் பாதை கிடையாது. மாரியில் ஏரிகள் கல்லாய் உறைந்த பிறகு, சுரங்கங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரிகள் அந்தப் பனிக்கட்டியின் மீதே ஓடும். 1990-களில் ஆலன் ஜோன்ஸ் முதலான ஆராய்ச்சியாளர்கள் அதே பனிப்பாதையில் சென்றார்கள். உறைபனியில் துளையிட்டு, மின்முனைகளை ஏரியின் அடிச்சேற்றில் இறக்கினார்கள். பின்னர், சமுத்திரத்தின் அடியில் வைப்பதற்கென்று செய்த கருவிகளைக் கோடையில் ஏரிகளுக்குள் போட்டு, ஓராண்டு பொறுத்து மீட்டார்கள். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. வானத்தில் வர்ணஜாலம் காட்டும் வடதுருவ ஜோதி, கருவிகளுக்குப் பலமான சைகைகளைத் தருவது வாஸ்தவமே. ஆனால் அது தலைக்கு நேரே ஆடும்போது, அசைவு எங்கும் ஒரே சீராக வருகிறது என்ற கணக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். அப்படிப்பட்ட பதிவுகளைப் பிரித்து ஒதுக்கவேண்டும். இந்தப் பொறுமையைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பழைய, குளிர்ந்த வேர் ஆயிற்றே, மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஸ்லேவின் நடுப்பகுதியிலோ, 80, 100 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் ஓர் அடுக்கு மின்சாரத்துக்குத் தாராளமாக வழிவிட்டது! அத்தனை குளிர்ந்த இடத்தில் பாறை உருகியிருக்க நியாயமில்லை. பின் என்னதான் அது?

கரியாக இருக்கலாம் என்றார்கள். பென்ஸிலுக்குள் இருக்கும் கிராபைட்டும் கரிதான், நம் வீட்டுப் பெண்களின் மூக்குத்தியில் மின்னும் வைரமும் கரிதான். அந்த வேரில், ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு மேலே கரி கிராபைட்டாக இருக்கும். அதற்குக் கீழே வைரமாகும். கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும், வைரமோ கடத்தாது. ஆகையால் இந்த வித்தையால் வைரத்தை நேரே கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கொடுக்காதிருப்பது நலம்.

இவையெல்லாம் வெறும் ஊகமா? சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து பீறிட்டு வந்த வைரப் பாறைகள், வழியிலிருந்த கற்களையும் கார்னெட் மணிகளையும் வாரிக்கொண்டு வந்தன. அந்த மணிகளைச் சோதித்தவர்களும் ஸ்லேவின் நடுப்பகுதியில், மேலடுக்கில், மற்ற இடங்களினின்று மாறுபட்ட சரக்கு இருப்பதாகக் கண்டார்கள். மின்சாரம் சுட்டிய இடமும் ஏறக்குறைய அதுவே. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே வீட்டைக் காட்டினால், நீதிபதி சற்று நிமிர்ந்து உட்கார்வார் அல்லவா?

ஆனால் வழக்கு முடியவில்லை. கிராபைட் மெல்லிய படலமாகப் பாறையின் மணிகளுக்கிடையே தொடர்ந்து படர்ந்திருந்தால்தான் மின்சாரம் ஓடும். அத்தனை கோடி ஆண்டு அது அறுபடாமல் நிற்குமா என்று சிலர் ஐயுறுகிறார்கள். நீரின் அம்சம் ஒளிந்திருக்கும் தாதுக்களே காரணம் என்பது வேறொரு கட்சி. ஆய்வுக்கூடங்களில் அப்படிப்பட்ட கற்களை நசுக்கிச் சூடேற்றி, மின்சாரம் பாய்ச்சி அளந்துகொண்டிருக்கிறார்கள்.