கட்டையும் மண்ணும்

1977-ல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதிலிருந்து நம்மிடையே தெருக்கூத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேச்செல்லாம் பாட்டையும் அடவையும் பற்றித்தான். கட்டைகள் அலங்காரம் என்று ஒதுங்கிவிடுகின்றன. எனக்கு இதில் சம்மதமில்லை.

செய்யாறு பக்கம் ஒரு கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல்யாண முருங்கையில் செதுக்கியது. பார்வைக்குப் பெரிசு, தூக்கினால் கனமே இல்லை. கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பிறகு ஒட்டியவை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு, விடியும்வரை பாடியபடியே சுழன்று ஆடியாக வேண்டும். கனத்த மரம் ஆளைச் சாய்த்துவிடும். அடவு அகலமாய் விழுவதும், வேஷக்காரர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பதும் இந்தக் கட்டையால்தான். வேஷம் கட்டுகிறவரே செதுக்குவதும் உண்டு. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காய்ப் பிரித்துப் பேசுவதை அவர் உளி பிரிக்கவில்லை.

இன்னொன்று, படுகளம். திரௌபதியம்மன் விழாவில், 18-ம் போரன்று துரியோதனன் மண்ணுருவாய் மல்லாந்து கிடக்கிறான். மீசை எழுதி, வர்ணம் தீட்டி, பிரம்மாண்டமாய். பீமன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி கூந்தல் முடிகிறாள். அப்புறம் தீமிதி. இரவெல்லாம் பிசைந்து எழுப்பிய சிற்பம் அன்றைக்கே மண்ணாகிறது. நான் பார்த்தபோது, அதைச் செய்தவர் கையைக் கழுவிக்கொண்டு தீமிதி பார்க்கப் போனார். முகத்தில் வருத்தம் இல்லை.

முந்நூறு பிரதி அச்சிட்டு, ஒன்றையாவது காலம் காப்பாற்றும் என்று காத்திருக்கிறவன் நான். அந்த முகம் எனக்கு இன்னும் நெருடுகிறது.