டேங்க் நிரம்பினால் வந்த வாடை

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் அந்தக் குடும்பத்தில், 1984-ம் ஆண்டு மாடல் அம்பாஸடர் கார் ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் விற்ற பணத்தில் பெரியவர் வாங்கியது. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் அக்கம்பக்கத்தில் பலரும் டீசல் இன்ஜினுக்கு மாற்றியபோதும் அவர் மாற்றவில்லை. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014-ம் ஆண்டு அம்பாஸடர் தயாரிப்பு நின்றுபோன பிறகு, வண்டி மேல் அவருக்குப் பிடிப்பு இன்னும் கூடிவிட்டது.

வாடை என்று முதலில் சொன்னது மருமகள். அப்போது அவருக்கு மூன்றாம் மாதம். கோபிசெட்டிபாளையத்துக்கு செக்கப் போகும்போதெல்லாம் பாதி வழியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார். “வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதுங்க மாமா” என்றார். “பெட்ரோல் வண்டின்னா வரத்தானே செய்யும் அம்மிணி” என்றார் பெரியவர். மாமியார் மசக்கை என்றார். கணவர் மட்டும் முகர்ந்து பார்த்து, “கொஞ்சம் இருக்குது” என்றார். 40 வருஷம் அதே வண்டியில் உட்கார்ந்த பெரியவரின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் யார் மூக்குக்கும் அது தெரியாமல் போய்விடும்.

மருமகளின் பேச்சுக்காக வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனது. கார்புரேட்டர் கிட் மாற்றினார்கள். அடுத்த மாதம் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பணம் போனது, வாடை போகவில்லை. ஒர்க் ஷாப்பில் வைத்து முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. செக்கப் நாளில் மட்டும் திரும்ப வந்துவிடும். “பழைய இரும்புக்குப் போட்டுரலாம்ப்பா” என்று மகன் சொல்ல, இரண்டு நாள் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

பால் கணக்கு நோட்டு

பிறகு மருமகள் ஒரு வேலை செய்தார். சொசைட்டிக்கு ஊற்றும் பாலை எழுதிவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு போட்டார். தேதி, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல், கண்ணாடி திறந்திருந்ததா மூடியிருந்ததா, வாடை இருந்ததா இல்லையா. தான் போகாத நாளில் கணவரிடம் கேட்டு எழுதினார்.

நாலு வாரத்தில் நோட்டு பேசியது. டேங்க் பாதிக்குக் கீழே இருந்த நாள்களில் வாடையே இல்லை. நிறைய ஊற்றிய நாளும் அதற்கடுத்த நாளும் கடுமையான வாடை. முன்கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்றில் வாடை போக வேண்டுமே, அதிகமாகத்தான் ஆனது.

சந்தைக்கும் தோட்டத்துக்கும் போக 2 லிட்டர், 3 லிட்டர் என்று ஊற்றுவதுதான் வீட்டு வழக்கம். ஒர்க் ஷாப்புக்குப் போனதும் அந்தக் கொஞ்சப் பெட்ரோலோடுதான். கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் வழியில் நின்றுவிடக் கூடாதே என்று டேங்க்கை நிரப்பினார்கள். அதனால்தான் வாடை அவரைத் தேடி வந்ததுபோல வந்தது.

கார்புரேட்டரில் கசிந்தால் டேங்க் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் கசியும். டேங்க் நிறைந்தால் மட்டும் வருகிறது என்றால், ஓட்டை டேங்க்கின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். அப்பாவும் மகனும் முதல்முறையாகப் பின்பக்கம் போனார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தார்கள். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு சுற்றினார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, தள்ளிப்போய் வெட்டவெளியில் முகர்ந்தார் மருமகளின் கணவர். பெட்ரோல் ஊற்றும் குழாயையும் டேங்க்கையும் இணைக்கிற ரப்பரில் சுற்றிய துணி மட்டும் ஈரமாக நாறியது. ரப்பரை வளைத்துப் பார்த்தால், காய்ந்த களிமண்போல விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது.

கண்ணாடி திறந்தால் வாடை கூடியதற்கும் காரணம் கிடைத்தது. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கல்லாக இறுகிக் கிடந்தது. வண்டி ஓடும்போது முன்கண்ணாடி வழியே உள்காற்று வெளியே இழுக்கப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப டிக்கிக் காற்று பின்சீட்டு இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. பெட்ரோல் ஆவியும் அதோடு சேர்ந்து வந்தது.

ரப்பரும் எத்தனாலும்

40 வருஷ ரப்பர் எப்படியும் வெடிக்கும். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசியிலிருந்து எடுக்கும் எத்தனால் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2022-ல் 10 சதவிகிதமாக இருந்த கலப்பு, 2025-ல் 20 சதவிகிதத்தைத் தொட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பட்டால் சில ரப்பர் உப்பும், சில வெடிக்கும். ஆகவே மாற்றும்போது எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் டியூபை வெட்டி மாட்டினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

டேங்க்கிலேயே ஒரு பொட்டு வைத்துத் தருகிறேன் என்று பத்தவைப்புக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்ரோலை வடித்துவிட்டாலும் உள்ளே ஆவி நிற்கும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் தீக்கு ஆபத்து. முறையாகக் கழுவாமல் அதில் தீயை வைக்கக் கூடாது.

வாந்தியைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. அந்தக் கார் நிற்பது மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில். பக்கத்தில் வைக்கோல் போர். சுவரில் மோட்டார் ஸ்டார்ட்டர். வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் வண்டிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டரில் தெறிக்கும் ஒரு பொறி போதும். ரப்பர் மாற்றும்வரை கற்பூரம் வாசலில் கொளுத்தப்பட்டது. இப்போதும் அங்கேதான்.

புது டியூப், இரண்டு கிளிப், டிக்கி பீடிங் எல்லாம் சேர்த்தும் பம்புக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. அன்றைக்கே டேங்க்கை நிரப்பி, கண்ணாடியைத் திறந்துவிட்டு, மருமகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போனார்கள். “இல்லைங்க மாமா” என்று அவர் சொன்ன பிறகுதான் பெரியவர் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

எல்லார் வீட்டிலும் அம்பாஸடர் இருக்காது. பெட்ரோலில் ஓடும் பவர் வீடர், ஸ்பிரேயர், சின்ன பம்ப்செட் இருக்கும். அவற்றிலும் இதே ரப்பர் டியூப்தான். வாடை வந்தால் உடனே இன்ஜினை நிறுத்தி, வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். தீக்குச்சி வெளிச்சத்தில் தேடாதீர்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். டேங்க் நிறைந்தபோதா, இன்ஜின் சூடானபோதா, சாய்த்து வைத்தபோதா, எப்போது வாடை வருகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். வீட்டில் யாருக்கு முதலில் வாடை தெரிகிறதோ, அவர் பேச்சைத் தட்டாதீர்கள்.